மூன்று சிக்னல், மூன்று கடிகாரம்

மதுரையிலிருந்து ஒரு வணிகர் சங்கச் செயலாளர் எழுதியிருக்கிறார்: "எங்கள் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று சிக்னல். ஒன்றைத் தாண்டினால் அடுத்ததில் சிவப்பு. மூன்றையும் நெட்வொர்க்கில் இணைத்து ஏஐ கேமரா வைத்தால் எங்கும் நிற்கவே வேண்டாம், சங்கம் பாதிச் செலவை ஏற்றால் விளம்பரப் பலகை வைத்துக்கொள்ளலாம் என்கிறார் ஒரு நிறுவனத்தின் முகவர். இணைப்பு அறுந்தால் நாலு பக்கமும் பச்சை விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பணம் கொடுக்கலாமா?"

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அப்படி விழாது. சந்திப்பின் ஓரத்தில் பீரோ மாதிரி ஒரு இரும்புப் பெட்டி நிற்கிறதே, அதுதான் கன்ட்ரோலர். விளக்கை எரிப்பதும் அணைப்பதும் அந்தப் பெட்டிதான். "இந்தப் பக்கத்துப் பச்சையைப் பத்து விநாடி கூட்டு" என்று கட்டுப்பாட்டு அறை சொல்லலாம். ஒன்றோடொன்று மோதும் இரண்டு பச்சையைக் கேட்டால் பெட்டி கொடுக்காது. அதற்குள் தனியாக ஒரு காவல் சர்க்யூட் உண்டு. தப்பித்தவறி அப்படி எரிந்தாலும் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மஞ்சளை மின்ன வைத்துவிடும். இணைப்பு போனால், எந்த நேரத்தில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை விநாடி பச்சை என்று தன்னிடம் பதிந்திருக்கும் நேரப்பட்டியலை எடுத்துப் பெட்டி பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கும்.

சரி, அடுத்த சிக்னலில் ஏன் சிவப்பு? கணக்கு எளியது. இரண்டு சந்திப்புக்கும் நடுவே 400 மீட்டர், வண்டிகள் மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். முதல் பச்சை விழுந்து 40 விநாடி கழித்து அடுத்த பச்சை விழ வேண்டும். இதற்கு ஏஐ எதற்கு? இரண்டு பெட்டியிலும் ஒரே நீளச் சுற்றும் (ஒரு பச்சையிலிருந்து மறுபடி அதே பச்சை வரும் வரையான நேரம்), ஒரே நேரம் காட்டும் கடிகாரமும் இருந்தால் போதும். (எதிர்த்திசையில் வருபவர்களுக்கும் அதே சுகம் கிடைப்பது அபூர்வம். அதை முகவர் சொல்லியிருக்க மாட்டார்.)

அந்தக் கடிகாரத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாளுக்கு ஒரு விநாடி பிசகினாலும் ஒரு மாதத்தில் அரை நிமிடம். 40 விநாடிக் கணக்கில் அரை நிமிடம் போனால் மிச்சம் என்ன? உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி செத்திருந்தால், ஒவ்வொரு மின்வெட்டுக்கும் நேரம் ஆரம்பத்துக்கே போய்விடும். ஜிபிஎஸ் இருந்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஒரு ஊரில் பட்டப்பகல் ஒன்றரை மணிக்குக் காலை நெரிசலுக்கான பட்டியல் ஓடுகிறது என்று கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்தேன், பல்லி ஓடியது. திரையில் 8:00. ஜிபிஎஸ் தருவது உலகப் பொது நேரம்; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அந்த ஐந்தரை மணியைக் கூட்ட வேண்டும் என்று நிறுவியவருக்குத் தோன்றவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் காலை நேரத்தில் நள்ளிரவுப் பட்டியல் எத்தனை மாதம் ஓடியதோ! இணைப்பு முழுக்க நன்றாகவே இருந்தது, கட்டுப்பாட்டு அறைத் திரையிலும் எல்லாம் சரி என்று பச்சைப் புள்ளி.

வண்டியை எண்ணிப் பச்சையைக் கூட்டிக் குறைப்பது புதிதும் அல்ல. சிட்னியில் 1970களிலேயே ஸ்காட்ஸ் என்ற அமைப்பு வந்துவிட்டது. வரிசையில்லாமல் கலந்து ஓடும் நம் வண்டிகளுக்கென்று மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் திருவனந்தபுரம் மையம் கோசிகாஸ்ட் (CoSiCoSt) என்று ஒன்றை உருவாக்கியது. இரண்டுமே வண்டியை எண்ணும் உணரிகளை நம்பித்தான் ஓடுகின்றன. உணரியாகத் தாருக்கு அடியில் பதித்த கம்பிச் சுருள் அறுந்தால், அங்கே எப்போதும் வண்டி நிற்பதாக வைத்துக்கொண்டு பெட்டி காலி ரோட்டுக்கும் பச்சை கொடுக்கும். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுவது ஒரு துறை, தார் போடுவது ஒரு துறை, சிக்னல் பார்ப்பது இன்னொரு துறை. தோண்டுவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. கேமராவுக்கும் லென்ஸைத் துடைக்க மாதம் ஒருமுறை ஒருவர் ஏணியில் ஏற வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளம் எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது.

ஆகவே இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். முகவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பெட்டியின் கடவுச்சொல்லும் நேரப்பட்டியலும் யார் கையில் இருக்கும்? "எங்கள் பொறியாளரிடம்" என்றால் அனுப்பிவிடுங்கள். நாளை அந்த நிறுவனம் போய்விட்டால், ஒரு விநாடியை மாற்றக்கூட உங்கள் ஊர் போலீஸால் முடியாது. வேறு நிறுவனத்துப் பெட்டியும் அதோடு பேசாது. இப்படிப் பூட்டிவைத்துப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கறப்பதுதான் இவர்களில் பலருக்குப் பிழைப்பே.

நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். சங்கத்தில் இருவர், ஆளுக்கொரு செல்போன். ஒருவர் முதல் சந்திப்பில், மற்றவர் அடுத்ததில் நின்று, பச்சை விழும் நேரத்தைப் பத்து சுற்றுக்குக் குறியுங்கள். இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறினால் சுற்றின் நீளமே வேறு. அன்றைக்கு ஒரே மாதிரி இருந்து, அடுத்த வாரம் அதே நேரத்தில் வேறாக இருந்தால் கடிகாரம் ஓடிப்போகிறது. எப்போதும் மாறாமல், ஆனால் உங்கள் தூரத்துக்கு மேலே சொன்ன கணக்கில் வரும் விநாடிக்குப் (400 மீட்டர் என்றால் 40) பக்கத்தில்கூட இல்லை என்றால் பட்டியலே தப்பு. அந்தத் தாளைப் போக்குவரத்துக் காவல் உதவி ஆணையரிடம் நேரில் கொடுத்து, மூன்று பெட்டியையும் உங்கள் முன்னால் திறந்து நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.