பேஸ்மெண்ட் சுவரின் அடியில் ஜல்லி தெரிவது ஏன்?

கேள்வி: வணிக வளாகம் ஒன்றுக்கு 3 மீட்டர் உயரத்தில் பேஸ்மெண்ட் கான்கிரீட் சுவர் போட்டோம். ஷட்டர் பலகையைப் (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சு) பிரித்ததும் அடியில் ஒரு அடிக்கு ஜல்லி தனித்தனியாகத் தெரிகிறது. அதற்கு மேலே சுவர் வயிறு தள்ளியிருக்கிறது. இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. எங்கே தவறு?
– சைட் சூப்பர்வைசர், கோவை

பதில்: முதலில் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். ராஃப்ட்டின் (அடித்தளக் கான்கிரீட் பலகம்) மேல், சுவருக்குத் தொடக்கமாக எழுப்பிய அந்த 100–150 மி.மீ. திண்டை ஷட்டர் பலகை கவ்விப் பிடிக்கவில்லை என்றால், இடுக்கு வழியே சிமென்ட் பால் வடிந்துவிடும். மிஞ்சுவது வெறும் ஜல்லிதான். பலகை ஸ்டார்ட்டரில் படியும் இடத்தில் ஃபோம் டேப் ஒட்டி, இரு பக்கப் பலகைகளையும் இழுத்துப் பிடிக்கும் டை ராட் கம்பியின் அடி வரிசையை நன்றாகத் தாழ்த்திப் போடுங்கள். ஸ்டார்ட்டரின் தலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஜல்லி முனை தெரியும்வரை சொரசொரப்பாக்குங்கள்.

வயிறு தள்ளியதற்கு வேகம்தான் காரணம். ஈரக் கான்கிரீட் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு பக்கவாட்டில் தள்ளும். 3 மீட்டரையும் ஒரே மூச்சில் நிரப்பினால் அடிப்பலகையில் சதுர மீட்டருக்கு 7.5 டன். கான்கிரீட் வண்டி காத்திருக்கிறது என்று பம்ப்காரர் அவசரப்படுத்தினாலும், மணிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஏற விடாதீர்கள். ஒரே மூலையில் கொட்டாமல், நீளம் முழுக்க 300–450 மி.மீ. அடுக்குகளாகப் போடுங்கள். கீழ் அடுக்கு இறுகுவதற்குள் அடுத்தது விழவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கோட்டில்தான் மழைக்காலத்தில் தண்ணீர் கசியும்.

பம்ப் ஹோஸ் முனையிலிருந்து 1.5 மீட்டருக்கு மேல் விழவிட்டால் கலவை கம்பியில் அடிபட்டுப் பிரியும். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் நீடில் கீழ் அடுக்குக்குள்ளும் 100 மி.மீ. இறங்கட்டும், குமிழி நின்றதும் மெதுவாக உருவுங்கள். வண்டியில் தண்ணீர் ஊற்ற மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள்.

ஜல்லி தெரியும் இடத்தைச் சாந்து பூசி மறைப்பது பெரிய தவறு. தட்டினால் உதிர்வதையெல்லாம் கொத்தி எடுங்கள். கம்பி வெளியே தெரிந்தால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகே மைக்ரோ கான்கிரீட் (பழுது பார்க்கும் நைசான கான்கிரீட்) போட்டு அடையுங்கள்.

கேள்வி: ஷட்டரை மறுநாளே பிரித்து, வெளிப்பக்கம் மண் நிரப்பலாமா?

பதில்: பிரிக்கலாம், கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 செங்குத்துப் பலகைக்குக் கேட்பது 16–24 மணி நேரம்தான். பிரித்த கையோடு ஈரச்சாக்கு கட்டுங்கள். பிபிசி (சாம்பல் போன்ற போஸோலானா கலந்த) சிமென்ட் என்றால் 10 நாளாவது நனையவேண்டும், வெயில் காலத்தில் 14. டை ராட் ஓட்டைகளைச் சுருங்காத கிரௌட்டால் (இடுக்கை நிரப்பும் சிமென்ட் கலவை) அடைத்து, வெளிப்பக்க வாட்டர்புரூஃபிங்கும் முடிந்த பிறகே மண். சுவரின் தலையை மேல்தளம் தாங்கும்படி டிசைன் செய்திருந்தால், அந்தத் தளம் போட்டு பலம் ஏறும்வரை மண் தள்ளக்கூடாது. டிராயிங்கில் அந்தக் குறிப்பைத் தேடிப் பாருங்கள்.