மாத்திரைக்கு முன்னாடி யூரின்: நாய் வளர்க்கிறவங்க கேள்விக்கு டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர், எங்க வீட்டு செல்லம் ஒரு லேப்ரடார், 6 வயசு, கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. ரெண்டு நாளா என்னமோ சரியில்ல. அரை மணிக்கு ஒரு தடவை கதவைப் பிராண்டுறா, வெளிய கூட்டிட்டுப் போனா குந்திக் குந்தி உக்காருறா, நாலு சொட்டுதான் வருது. நேத்து ஹால்லயே போயிட்டா, இதுவரைக்கும் அப்படிப் பண்ணதே இல்ல, கோவத்துல திட்டிட்டேன், அப்புறம் துடைக்கும்போது பார்த்தா லேசா பிங்க் கலர்ல இருக்கு. போன வருஷம் இதே மாதிரி வந்தப்ப குடுத்த ஆன்டிபயாட்டிக் 4 மாத்திரை மிச்சம் இருக்கு, அதைக் குடுக்கலாமா? சாப்பிடுறா, வாலாட்டுறா, சோர்வா ஒண்ணும் தெரியல.

பதில்: அந்த 4 மாத்திரையைக் குடுக்காதீங்கம்மா. ஏன்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன், அதுக்கு முன்னாடி ஒண்ணு. திட்டினது உங்க மனச உறுத்துதுன்னு நீங்க எழுதியிருக்கறதுலயே தெரியுது. அவ வேணும்னு பண்ணல. மூத்திரப்பையோட உள்சுவர் புண்ணாகி இருக்கும்போது ரெண்டு ஸ்பூன் சேந்தாலே பை முழுசா நிறைஞ்ச மாதிரி முட்டும், அடக்கவே முடியாது, போனா எரியும், போய் முடிச்ச பிறகும் இன்னும் பாக்கி இருக்கற மாதிரியே இருக்கும், அதான் திரும்பத் திரும்ப குந்துறா. நல்லா பழக்கின நாய் திடீர்னு வீட்டுக்குள்ள போச்சுன்னா முதல்ல உடம்பைத்தான் சந்தேகப்படணும்.

நீங்க சொல்றத வச்சுப் பார்த்தா மூத்திரப்பை இன்ஃபெக்‌ஷனா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. பொட்டை நாய்க்குத்தான் இது அதிகம் வரும், ஏன்னா யூரின் வர்ற குழாய் ஆண் நாய்க்கு இருக்கற மாதிரி நீளமா இருக்காது, குட்டையாவும் அகலமாவும் இருக்கும், அது திறக்கற இடமும் ஆசனவாய்க்குக் கிட்டயே இருக்கு, அதனால குடல்ல சாதாரணமா இருக்கற பாக்டீரியா சுலபமா மேல ஏறிடுது. நாய்களுக்கு வர்ற யூரின் இன்ஃபெக்‌ஷன்ல அதிகமா கண்ணுல படறது ஈ-கோலைங்கற பாக்டீரியாதான். ஆனா பாருங்க, இதே மாதிரி குந்தறது, இதே பிங்க் கலர், உள்ள கல் இருந்தாலும் வரும், வயசான நாய்க்கு மூத்திரப்பைல கட்டி இருந்தாலும் வரும். வெளியிலேந்து பார்த்து உங்களாலயும் சொல்ல முடியாது என்னாலயும் சொல்ல முடியாது, யூரினைப் பார்த்தாத்தான் தெரியும்.

அதனாலதான் என்கிட்ட வர்றவங்ககிட்ட எல்லாம் இதையே சொல்லிட்டு இருக்கேன், மாத்திரைக்கு முன்னாடி யூரின். ரெண்டு வேளை மாத்திரையைப் போட்டுட்டு அப்புறம் டெஸ்ட்டுக்கு வந்தா பாக்டீரியா பாதி செத்திருக்கும், கல்ச்சர்ல, அதாவது யூரின்ல இருக்கற பாக்டீரியாவை லேப்ல வளத்துப் பார்க்கற டெஸ்ட்ல, ஒண்ணுமே வளராது, ஆனா உள்ள பாக்கி உயிரோட இருக்கும். எந்த மருந்துக்கு அது சாகும் எதுக்கு சாகாதுன்னு கண்டுபிடிக்கற வாய்ப்பு அதோட போச்சு. 4 மாத்திரை, அதுவும் போன வருஷத்து அளவு, இப்ப அவ எடை என்னன்னு கூட பார்க்கல, அது நோயைத் தீர்க்காது, கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். ஒரு நாய்க்கு இப்படியே மூணு தடவை வீட்லயே மிச்ச மாத்திரை குடுத்திருக்காங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் நல்லா இருக்கும், திரும்ப ரத்தம் வரும், கடைசில என்கிட்ட கூட்டிட்டு வந்தப்ப எக்ஸ்-ரே எடுத்தா மூத்திரப்பை முழுக்க கல். முதல் தடவையே பார்த்திருந்தா அந்த நாய் அத்தனை மாசம் வலியோட இருந்திருக்காது, அதை நினைச்சா எனக்கு இப்பவும் கஷ்டமா இருக்கு.

யூரின் பிடிக்கறது கஷ்டம்னு நிறைய பேர் பயப்படறாங்க. காலைல எழுந்ததும் போற முதல் யூரின்தான் நல்லது, ராத்திரி பூரா சேந்து திக்கா இருக்கும். நீளமான கைப்பிடி வச்ச கரண்டியோ தட்டையான ஒரு ட்ரேயோ எடுத்து சோப்பு கொஞ்சம் கூட ஒட்டாம கழுவி காய வச்சுக்கோங்க, கைக்கு கிளவுஸ் போட்டுக்கோங்க. அவ குந்தின உடனே நீட்டினா பயந்து எழுந்துடுவா, வர ஆரம்பிச்ச பிறகு பின்னாடியிலேந்து மெதுவா நீட்டுங்க. 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் கிடைச்சாலே போதும். உங்க செல்லம் சொட்டு சொட்டாத்தான் போறா, அதனால கிடைக்கலன்னாலும் பரவால்ல, டாக்டர்கிட்ட போய் எடுத்துக்கலாம். தரைலேந்து உறிஞ்சி மட்டும் எடுத்துட்டு வராதீங்க, அதுல தரைல இருக்கற அழுக்கும் சேந்துதான் வரும். மூடி போட்ட டப்பால ஊத்தி எடுத்த நேரத்தை மேல எழுதி அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு போய்டுங்க. முடியலன்னா ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம், ஆனா வச்சதை டாக்டர்கிட்ட சொல்லணும், ஏன்னா குளிர்ச்சில வச்சா யூரின்ல முன்னாடி இல்லாத கிரிஸ்டல் எல்லாம் புதுசா உருவாகும், அதைப் பார்த்துட்டு கல் இருக்கோன்னு தப்பா நினைக்க வாய்ப்பிருக்கு.

இன்னொண்ணு, மெடிக்கல் ஷாப்ல மனுஷங்களுக்கு விக்கற யூரின் ஸ்ட்ரிப்பை வாங்கி வீட்லயே டெஸ்ட் பண்ணிட்டு நார்மல்னு விட்டுடாதீங்க. ரத்தம், சர்க்கரை இதெல்லாம் அதுல ஓரளவு தெரியும், ஆனா இன்ஃபெக்‌ஷனைக் காட்டற வெள்ளை அணு கட்டம் நாய்க்கு நம்பற மாதிரி வேலை செய்யாது. மைக்ராஸ்கோப்ல பார்த்தே ஆகணும். கல்ச்சர் பண்ணணும்னு டாக்டர் சொன்னா அதுக்கு கரண்டில பிடிச்ச யூரின் அவ்வளவு சரிப்படாது, தோல்ல இருக்கற பாக்டீரியாவும் சேந்து வளந்துடும், அதனால ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே வயித்து வழியா மெல்லிசான ஊசிய விட்டு மூத்திரப்பைலேந்து நேரா எடுப்பாங்க. கேக்கறதுக்கு பயமா இருக்கும், நிஜத்துல ரத்தம் எடுக்கற மாதிரிதான், சில செகண்ட்ல முடிஞ்சிடும், பெரும்பாலான நாய்ங்க அசையாமக் கூட படுத்திருக்கும்.

சாதாரண இன்ஃபெக்‌ஷன்தான்னு உறுதியாச்சுன்னா சிகிச்சை சின்னதுதான். முன்னாடியெல்லாம் 10 நாள், 14 நாள்னு குடுப்போம், இப்ப இப்படி எப்பவாவது வர்ற இன்ஃபெக்‌ஷனுக்கு 3 லேந்து 5 நாள் போதும்னு 2019ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்லயே இருக்கு, அமாக்ஸிசிலின் மாதிரி சாதாரண மருந்துல ஆரம்பிச்சாலே பல நாய்க்கு சரியாயிடும். எடுத்ததும் ரொம்ப பவரான மருந்து வேணும்னு கேக்காதீங்க, அதெல்லாம் வேற வழியே இல்லாதப்போ தேவைப்படும். வலிக்கு நாய்க்குன்னு இருக்கற மருந்து டாக்டரே எழுதுவார். வீட்ல இருக்கற ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் குடுக்கக் கூடாது, ஐபுப்ரோஃபென் நாயோட வயித்தையும் கிட்னியையும் கெடுத்துடும், பாராசிட்டமால் கொஞ்சம் அளவு மாறினாலும் கல்லீரலைத் தாக்கும். மருந்து ஆரம்பிச்சு 48 மணி நேரத்துல அவ நிம்மதியாகறது உங்களுக்கே தெரியணும், தெரியலன்னா மறுபடி கூட்டிட்டுப் போங்க. போன வருஷமும் வந்திருக்கறதால இந்தத் தடவை கல் இருக்கான்னு ஒரு ஸ்கேன் பார்த்துடச் சொல்லுங்க. 6 மாசத்துல 2 தடவை, இல்ல ஒரு வருஷத்துல 3 தடவைன்னு வந்தா அதை திரும்பத் திரும்ப வர்ற வகைன்னு எடுத்துக்கிட்டு பின்னாடி இருக்கற காரணத்தைத் தேடுவோம், சுகர், கிட்னி, கல், சில நாய்க்கு பிறப்புறுப்பைச் சுத்தி தோல் மடிஞ்சு உள்ள ஈரமாவே இருக்கறது, இப்படி ஏதாவது ஒண்ணு மாட்டும்.

கேள்வி: எங்க ஆண் நாய், 4 வயசு. நேத்து ராத்திரியிலேந்து காலைத் தூக்கி தூக்கி நிக்கிறான், ஒண்ணுமே வரல. காலைல ஒரு தடவை வாந்தி எடுத்தான். யூரின் இன்ஃபெக்‌ஷனா இருக்குமா சார், ரெண்டு நாள் பார்க்கலாமா?

பதில்: உங்க கடிதம் கைக்கு வந்த உடனே போன் பண்ணிப் பேசிட்டேன், மத்தவங்களுக்காக இங்க எழுதறேன். ரெண்டு நாள் இல்ல, ரெண்டு மணி நேரம் கூட பார்க்காதீங்க. ஆண் நாயோட குறிக்குள்ள ஒரு எலும்பு இருக்கு, யூரின் குழாய் அந்த எலும்போட பள்ளத்துக்குள்ள போகுது, அங்க விரிய இடமே கிடையாது, மூத்திரப்பைலேந்து இறங்கற ஒரு சின்ன கல் அந்த எலும்புக்குப் பின்னாடி வந்து அடைச்சுக்கும். யூரின் வெளிய போகலன்னா ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், அது ஏறினா இதயத்துடிப்பு தடுமாறும், மூத்திரப்பை வெடிக்கவும் கூடும், ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடலாம். முக்குறான் ஆனா சொட்டு கூட வரல, வயிறு கெட்டியா இருக்கு, தொட்டா கத்துறான், வாந்தி எடுக்கறான், இதுல எதைப் பார்த்தாலும் நடு ராத்திரியா இருந்தாலும் கிளம்பிடுங்க. தண்ணி நிறைய குடிக்க வச்சா கல் வந்துடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அடைச்ச குழாய்க்கு மேல இன்னும் தண்ணி சேரும், அவ்வளவுதான்.

அடைப்பு இல்லாம ஆண் நாய்க்கு இன்ஃபெக்‌ஷன் வந்தாலும் அதை லேசா எடுத்துக்க மாட்டோம். கருத்தடை பண்ணாத ஆண் நாய்னா ப்ராஸ்டேட் சுரப்பிலயும் இன்ஃபெக்‌ஷன் இருக்கலாம், அதுக்குள்ள எல்லா மருந்தும் போகாது, மருந்தும் வேற, நாளும் வாரக் கணக்குல ஆகும்.

கேள்வி: கிரான்பெர்ரி ஜூஸ், ஆப்பிள் சைடர் வினிகர், இல்லன்னா நமக்கு நீர்க்கடுப்புக்குக் குடுக்கற சிரப், இதெல்லாம் நாய்க்குக் குடுக்கலாமா? ஆன்டிபயாட்டிக் இல்லாம சரி பண்ண முடியாதா?

பதில்: ஆன்டிபயாட்டிக்கை குறைக்கணும்ங்கற உங்க எண்ணம் எனக்கும் உண்டு. ஆனா இந்த மூணும் வேண்டாம். நீர்க்கடுப்பு சிரப் யூரினோட அமிலத்தன்மையைக் குறைக்கும், வினிகர் அதுக்கு நேர் எதிர் நோக்கத்துல குடுக்கறது. நாய்க்கு வர்ற கல்லுல ஸ்ட்ரூவைட்னு ஒரு வகை, சில பாக்டீரியா யூரின்ல இருக்கற யூரியாவை உடைச்சு அமோனியா ஆக்கி காரத்தன்மையை ஏத்திவிடும்போது உருவாகறது, அந்த நாய்க்கு சிரப் குடுத்தா கல் வளர நாமளே உதவி பண்ண மாதிரி. கால்சியம் ஆக்ஸலேட்னு இன்னொரு வகை இருக்கு, அது அமிலத்துல நல்லா உருவாகும், அந்த நாய்க்கு வினிகர் கெடுதல். உள்ள எந்தக் கல்லுன்னே தெரியாம எதைக் குடுப்பீங்க? ஸ்ட்ரூவைட்டா இருந்தா டாக்டர் எழுதற தனி உணவும் ஆன்டிபயாட்டிக்கும் சேந்து பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே கரைச்சிடலாம், ஆக்ஸலேட் கரையவே கரையாது, எடுத்துத்தான் ஆகணும். ஜூஸ், சிரப் பாட்டில்ல இன்னொரு ஆபத்தும் இருக்கு, சிலதுல சர்க்கரைக்குப் பதிலா சைலிட்டால் இருக்கும், நாய்க்கு அது விஷம், சுகர் திடீர்னு இறங்கி வலிப்பு வரும், கல்லீரலும் போகும். சில கிரான்பெர்ரி ஜூஸ்ல திராட்சை ஜூஸ் கலந்திருப்பாங்க, திராட்சை நாயோட கிட்னியைக் கெடுக்கக் கூடியது. வீட்ல நீங்க பண்ணக் கூடியது, எப்பவும் சுத்தமான தண்ணி, ஒரு இடத்துக்கு ரெண்டு இடத்துல வைங்க, சாப்பாட்டுலயும் கொஞ்சம் தண்ணி கலங்க, 6, 8 மணி நேரத்துக்கு மேல அடக்கி வைக்க விடாம வெளிய கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: கருத்தடை பண்ண 9 வயசு பொட்டை நாய். தூங்கி எழுந்தா படுத்த இடம் ஈரமா இருக்கு. முழிச்சிருக்கும்போது நார்மலாத்தான் போறா. ரெண்டு தடவை ஆன்டிபயாட்டிக் குடுத்தும் நிக்கல.

பதில்: தூக்கத்துல தானா கசியறது, முழிச்சா நார்மல், எரிச்சல் இல்ல, ரத்தம் இல்லன்னா இது யூரின் குழாயை இறுக்கிப் பிடிக்கற தசை தளர்ந்து போனதா இருக்கலாம். கருத்தடை பண்ண பொட்டை நாய்ல சிலதுக்கு ஹார்மோன் குறையறதால இப்படி ஆகும், படுத்திருக்கற இடம் அவளுக்கே தெரியாம நனைஞ்சிடும். ஒரு தடவை யூரின் டெஸ்ட் பண்ணி இன்ஃபெக்‌ஷன் இல்லைன்னு பார்த்துட்டா, தசையை இறுக்கறதுக்குன்னே மருந்து இருக்கு, நிறைய நாய்க்கு நல்லா கேக்குது. அவ ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறான்னும் அளந்து பாருங்க, 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல குடிச்சா அது அதிகம், அப்ப சுகர், கிட்னின்னு ரத்த டெஸ்ட்டும் பார்த்துடணும்.

இந்த தண்ணி விஷயத்துல கருத்தடை பண்ணாத பொட்டை நாய் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை சேத்து சொல்லணும். ஹீட், அதாவது இணை சேர்ற பருவம், முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள நிறைய தண்ணி குடிக்கறா, அடிக்கடி யூரின் போறா, சாப்பாட்டை ஒதுக்கறா, பின்னாடி சீழ் மாதிரி வருதுன்னா, யூரின் இன்ஃபெக்‌ஷன்னு நினைச்சு வீட்ல வச்சுக்காதீங்க. கர்ப்பப்பைல சீழ் கட்டியிருக்கலாம், சில நாய்க்கு கர்ப்பப்பையோட வாய் மூடிக்கிட்டு சீழ் வெளியவே வராது, அது இன்னும் மோசம். அன்னிக்கே ஸ்கேன் பார்த்து பெரும்பாலும் அவசர ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும், சீக்கிரம் கொண்டு வந்தா நிறைய நாயைக் காப்பாத்திடலாம்.