ஏணியில் இரண்டு முறை ஏறியவர்

வணக்கம் ஐயா,

காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 1903இல் வந்த 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்' படத்தில்தான் அமெரிக்க இயக்குநர் எட்வின் எஸ். போர்ட்டர் இன்டர்கட் முறையை, அதாவது இரண்டு இடங்களை மாறி மாறிக் காட்டும் வெட்டை, கண்டுபிடித்தார் என்று எங்கள் பாடக்குறிப்பில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் அந்தப் படம் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்றில் வீட்டுக்கு உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே என்று மாறி மாறி வருகிறது. இன்னொன்றில் தாயையும் குழந்தையையும் காப்பாற்றுவது முழுவதும் உள்ளிருந்து காட்டப்படுகிறது, பிறகு அதே காரியம் முதலிலிருந்து வெளிப்பக்கமாகக் காட்டப்படுகிறது. இரண்டாவது எடிட் செய்யாத பிரதி என்கிறார்கள் நண்பர்கள். எது சரி? மூவியோலா என்ற எடிட்டிங் கருவிகூட இல்லாத காலத்தில் எதை வைத்து வெட்டினார்கள் என்பதையும் சொல்ல முடியுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர்கள் எடிட் செய்யாதது என்று ஒதுக்கும் பிரதிதான் போர்ட்டர் வெளியிட்ட படம். மாறி மாறி வரும் பிரதியில் பின்னால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு 1940களில் வந்துசேர்ந்தது அது. அதைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறையே போர்ட்டருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது. உங்கள் பாடக்குறிப்பு இன்னும் அங்கேயே நிற்கிறது.

மூலம் எது என்று தெரிந்தது ஒரு சட்டச் சிக்கலின் தயவால். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1912 வரை திரைப்படத்துக்குத் தனி இடம் கிடையாது, புகைப்படத்துக்கு உண்டு. எனவே எடிசன், பயோகிராஃப் போன்ற கம்பெனிகள் நெகட்டிவைப் புகைப்படத்தாள் சுருளில் நீளமாக அச்சிட்டு, புகைப்படம் என்ற கணக்கில் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் பதிவு செய்தன. நைட்ரேட் ஃபிலிம் எரிந்தும் பொடிந்தும் போயிற்று. தாள் நின்றது. 3,000க்கும் மேற்பட்ட படங்கள் இப்படித் தப்பின. 1950களில் கெம்ப் நிவர் என்பவர் அந்தத் தாள்களை ஃபிரேம் ஃபிரேமாக 16 மி.மீ. ஃபிலிமுக்குத் திரும்ப மாற்றத் தொடங்கினார். போர்ட்டர் படத்தின் தாள் 1903 ஜனவரியில் பதிவானது. அதில் மொத்தம் 9 ஷாட். எட்டாவது ஷாட்டில் மீட்பு உள்ளிருந்து நடக்கிறது, ஒன்பதாவதில் அதுவே வெளியிலிருந்து. 1970களின் இறுதியில் திரைப்பட வரலாற்றாசிரியர்கள் சார்ல்ஸ் மஸ்ஸரும் ஆந்த்ரே காத்ரோவும் தனித்தனியே ஆராய்ந்து, இதுவே மூலம் என்று நிறுவினார்கள்.

உங்கள் நண்பர்களின் சந்தேகத்தை அசட்டுத்தனம் என்று சொல்ல மாட்டேன். பயோகிராஃப் பதிவு செய்த தாள்களில் சில, படம் பிடித்த வரிசையிலேயே, கோர்க்கப்படாமல் கிடக்கின்றன. ஆகவே தாளில் இருப்பதெல்லாம் திரையில் ஓடியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் அக்காலப் படங்களைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் இந்த இரட்டிப்பு புதிதல்ல. 1902இல் போர்ட்டரே எடுத்த ஒரு மதுக்கடைக் காட்சியில், உள்ளே உதைத்துத் தள்ளப்படும் ஆள் அடுத்த ஷாட்டில் வெளியே மறுபடி தள்ளப்படுகிறார். அதே ஆண்டில் பிரெஞ்சு இயக்குநர் மெலியேஸின் நிலவுப் பயணப் படத்தில் ராக்கெட் நிலவின் கண்ணில் குத்தி நிற்கிறது, அடுத்த காட்சியில் நிலவின் தரையில் வந்து மறுபடி இறங்குகிறது. அரங்கில் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

அன்றைக்கு ஒரு ஷாட் என்பது ஓர் இடம். அந்த இடத்தில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அடுத்த இடம். மாய லாந்தர் காட்சிகளிலிருந்து வந்த பழக்கம் இது: ஒரு கண்ணாடிச் சட்டத்துக்கு ஒரு நிகழ்ச்சி. கதாகாலட்சேபத்தில் பாகவதர் பாட்டாகப் பாடியதையே வசனமாகத் திரும்பச் சொல்கிறார். 'அதைத்தான் சொல்லிவிட்டீர்களே' என்று நாம் கேட்கிறோமா? அந்த மாதிரிதான். உள்ளிருந்து பார்க்கும் திகில் ஒன்று, தெருவிலிருந்து பார்க்கும் திகில் வேறு. இரண்டையும் முழுதாகக் கொடுத்தார் போர்ட்டர்.

அவருக்கு வேறு வழி தெரியாமல் போய்விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஹோவ் ஊரில் ஜேம்ஸ் வில்லியம்சன் 1901இலேயே 'ஃபயர்!' எடுத்துவிட்டார். அதில் தீயணைப்பு வீரர் அறைக்குள் ஜன்னல் வழியாக வந்து படுக்கையிலிருப்பவரைத் தூக்கிக்கொண்டு ஜன்னலை நோக்கிப் போகிறார். வெட்டு. வெளியே, அதே ஜன்னலிலிருந்து அவர் ஏணியில் இறங்குகிறார். காரியம் இரட்டிக்கவில்லை, தொடர்கிறது. இன்று நாம் மேட்ச் கட் என்று சொல்வதன் தொடக்க வடிவம். அவருடைய அக்கம்பக்கத்தவரான ஜி.ஏ. ஸ்மித், 1900இல் பாட்டியின் பூதக்கண்ணாடி வழியாகப் பொருள்களைப் பெரிதாகக் காட்டும் அண்மைக் காட்சிகளை நடுநடுவே செருகினார். 1898இலேயே ஆர்.டபிள்யூ. பால் கண்காட்சிக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு ஷாட்டில் கதை சொன்னார். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் சோதிக்கப்பட்டன. இதில் 'கண்டுபிடித்தவர்' என்று ஒருவரைத் தேடுவதே வீண்வேலை என்பது என் கருத்து.

இனி மேசைக்கு வருவோம்.

கத்தரிக்கோல், பிளேடு, ஒரு புட்டி ஃபிலிம் சிமெண்ட், சின்ன பிரஷ், ரீலை முன்னும் பின்னும் சுற்றக் கைப்பிடி வைத்த இரண்டு தண்டுகள், அடியில் விளக்கெரியும் பால்கண்ணாடி. இவ்வளவுதான். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃபிரேமுக்கு இரு ஓரத்திலும் நான்கு நான்கு துளை, ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 16 ஃபிரேம் ஓடினால் ஓர் அடி என்பது ஒரு நொடி. மூக்கு நுனியிலிருந்து நீட்டிய கையின் விரல் நுனிவரை இழுத்தால் சுமார் மூன்றடி, மூன்று நொடி. கேமராவையும் புரொஜெக்டரையும் கையால் சுற்றிய காலம், வேகம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் இது குத்துமதிப்புக் கணக்குதான். அசைவைப் பார்க்க வேண்டுமானால் ஃபிலிமை விளக்கின் முன் விரல்களுக்கிடையே வேகமாக இழுப்பார்கள். இல்லாவிட்டால் ஒட்டி, புரொஜெக்டரில் போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடி ஒட்டுவது.

ஒட்டுவதில் நுட்பம் உண்டு. ஃபிலிமின் ஒரு பக்கம் எமல்ஷன், அதாவது வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சு. மறுபக்கம் வெறும் நைட்ரேட் அடித்தளம். சிமெண்ட் என்று பெயரே தவிர அது பசை அல்ல, அடித்தளத்தைக் கரைக்கும் திரவம். இரண்டு அடித்தளப் பரப்புகள் கரைந்து ஒன்றோடொன்று கலந்து இறுகுவதுதான் ஒட்டு. ஜெலட்டின் அதில் கரையாது. ஆகவே ஒரு துண்டின் முனையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு எமல்ஷனை ஈரப்படுத்தி, பிளேடால் அடித்தளம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். மற்றத் துண்டின் பின்பக்கத்தை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். சுரண்டிய இடத்தில் பிரஷால் ஒரே இழுப்பு, உடனே மேல்துண்டை வைத்துத் துளைக்குத் துளை பொருத்தி அழுத்தம். தாமதித்தால் திரவம் ஆவியாகிவிடும், பிடிக்காது.

தவறுகள் எல்லாம் இங்கேதான் நேரும். எமல்ஷன் கொஞ்சம் மிச்சமிருந்தால் ஒட்டு அப்போதைக்கு நிற்கும், புரொஜெக்டரின் இழுவிசையில் பிய்ந்துகொள்ளும். ஆழமாகச் சுரண்டினால் அடித்தளம் மெலிந்து அந்த இடத்திலேயே முறியும். சிமெண்ட் அதிகமானால் ஓரம் சுருண்டு, புரொஜெக்டரில் விளக்கின் முன் ஃபிலிமைப் பிடிக்கும் சட்டமான 'கேட்'டைக் கடக்கும்போது திரையில் படம் துள்ளும். துளை ஒரு மயிரிழை விலகினாலும் பல்சக்கரம் கிழித்துவிடும். நான்கு துளைக்குப் பதில் மூன்றில் வெட்டிவிட்டால் அதற்குப் பிறகு வரும் படம் முழுவதும் இடம் நழுவி, ஃபிரேம் கோடு திரைக்குள் வந்து நிற்கும். தலை கீழேயும் கால் மேலேயுமாகத் தெரியும். ஆபரேட்டர் ஓட்டத்திலேயே திருத்த வேண்டும். கேட்டில் படம் சிக்கி நின்றால் அதைவிட மோசம்: விளக்கின் சூட்டில் நைட்ரேட் பற்றிக்கொள்ளும், எரியத் தேவையான ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீரில் போட்டாலும் அணையாது.

நெகட்டிவில் கைவைப்பது இன்னும் பெரிய பொறுப்பு. ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டினால் குறைந்தது ஒரு ஃபிரேம் போய்விடும், அது திரும்ப வராது. அதனால்தான் பாசிட்டிவில், அதாவது நெகட்டிவிலிருந்து எடுத்த பிரிண்டில், வெட்டிப் பார்த்து முடிவு செய்த பிறகு நெகட்டிவை அதற்கு ஏற்ப வெட்டும் வழக்கம் வந்தது. ஃபிலிம் ஓரத்தில் எண் அச்சிடும் முறை வருமுன் இதைக் கண்ணாலேயே பொருத்தினார்கள். ஒரே முகம் நூறு அடிக்கு அசையாமல் அழுதுகொண்டிருந்தால், எந்த ஃபிரேம் எது என்று உதட்டின் கோணலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பாசிட்டிவிலும் ஒரு வேலை இருந்தது, பலருக்குத் தெரியாது. இரவுக்கு நீலம், தீக்குச் சிவப்பு, விளக்கொளிக்கு மஞ்சள் என்று பிரிண்டைச் சாயத்தொட்டியில் முக்குவார்கள். ஒரே நிறத்துக் காட்சிகளை ஒரே ரீலாகச் சேர்த்துத்தான் அச்சிட முடியும். முக்கிக் காயவைத்து, வெட்டி, கதை வரிசையில் கோர்ப்பார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக. 30 ஒட்டு உள்ள படத்துக்கு 50 பிரதி என்றால் 1,500 ஒட்டு. இதில் பெரும்பாலும் பெண்களே உட்கார்ந்திருந்தார்கள். ஒரே படத்தின் இரு பிரதிகள் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அரங்கில் படம் காட்டியவர்களின் கைவரிசையும் உண்டு. போர்ட்டரின் 'தி கிரேட் டிரெய்ன் ராபரி'யில் கொள்ளையன் நம்மைப் பார்த்துச் சுடும் ஷாட்டைத் தொடக்கத்திலோ முடிவிலோ விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்று எடிசன் கம்பெனியின் விலைப்பட்டியலே சொன்னது.

வெட்டு என்று தெரியாத வெட்டும் இருந்தது. மெலியேஸ் கேமராவை நிறுத்தி ஆளை மறைத்தார் என்று படித்திருப்பீர்கள். 1895இலேயே எடிசன் கம்பெனி ஸ்காட்லாந்து அரசியின் தலையை இப்படித்தான் வெட்டிக் காட்டியது. ஆனால் கைப்பிடியைச் சட்டென்று நிறுத்த முடியாது. வேகம் குறையக் குறைய ஒவ்வொரு ஃபிரேமிலும் அதிக வெளிச்சம் விழும், அங்கே படம் பளீரென்று வெளுத்துவிடும். அந்த ஃபிரேம்களைக் கத்தரித்து ஒட்டினால்தான் மாயம் பலிக்கும். மெலியேஸ் படங்களில் வித்தை நடக்கும் இடங்களில் ஒட்டுகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காட்சி மங்க மங்க அடுத்தது தெளியும் டிசால்வோ முழுக்கவே கேமராவுக்குள். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம். நான்கு சுற்றுக்குள் லென்ஸ் துவாரத்தை மெல்ல மூடு, லென்ஸை அடைத்துவிட்டு நான்கு சுற்று பின்னால் சுற்று, அடுத்த காட்சியை வைத்து நான்கு சுற்றில் மெல்லத் திற. இரண்டாவது காட்சியில் யாராவது தடுக்கி விழுந்தால் முதல் காட்சியும் போச்சு.

மூவியோலா பற்றி. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர் ஐவன் செரூரியே 1917இல் வீட்டில் படம் பார்க்கும் பெட்டியாகத்தான் அதைச் செய்தார். 600 டாலர், அதிகம் பேர் வாங்கவில்லை. 1924இல் எடிட்டிங் மேசைக்கேற்றபடி மாற்றி, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஸ்டூடியோவுக்கு முதல் கருவியை 125 டாலருக்கு விற்றார். அதாவது அமெரிக்க இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' (1916) நான்கு காலத்துக் கதைகளைக் கலந்து வெட்டியபோதும் மூவியோலா கிடையாது. அதன் எடிட்டர்கள் ஜேம்ஸ் ஸ்மித், ரோஸ் ஸ்மித் ஆகியோரின் விரல்கள்தான்.

இன்டர்கட் எப்போது நிலைத்தது? 1907, 1908 வாக்கில் பாதே கம்பெனியின் பிரெஞ்சுப் படங்களில் தெளிவாக இருக்கிறது. வீட்டில் கொள்ளையர், தொலைவில் கணவர், நடுவே தொலைபேசி என்ற கதையை அவர்கள் 1908இல் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு கிரிஃபித் 'தி லோன்லி வில்லா'வில் அதையே எடுத்தார், ஐம்பதைத் தாண்டிய ஷாட்டுகளில். அவர் சேர்த்தது வேகம். முந்தைய துரத்தல் படங்களில் கடைசி ஆளும் திரையை விட்டு வெளியேறிய பிறகுதான் வெட்டுவார்கள். கிரிஃபித் காரியம் பாதியில் இருக்கும்போதே வெட்டினார், கதவு உடையும் தறுவாயில். இன்டர்கட்டின் உண்மையான லாபம் இங்கேதான்: நாம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கத்துச் சலிப்பான பத்து நொடியை விழுங்கிவிடலாம். போர்ட்டர் ஏணியின் ஒவ்வொரு படியையும் காட்டியாக வேண்டியிருந்தது, கிரிஃபித்துக்கு அந்தத் தேவையில்லை. பயோகிராஃபை விட்டு விலகியபின் 1913 டிசம்பரில் பத்திரிகை விளம்பரம் கொடுத்து, அண்மைக் காட்சி, இன்டர்கட், ஃபேட் அவுட் (காட்சி மெல்ல இருண்டு மறைவது) எல்லாம் தன்னுடைய புதுமைகள் என்று அவர் உரிமை கொண்டாடியது தனிக் கூத்து. பாடக்குறிப்புகளின் பல பட்டங்களுக்கு அந்த விளம்பரமும் ஒரு காரணம்.

உங்களிடம் இரண்டு பிரதிகளும் இருப்பதால் ஒரு பயிற்சி சொல்கிறேன். தாள் பிரதியின் எட்டாவது, ஒன்பதாவது ஷாட்டுகளை மட்டும் கணினியில் இரண்டு தடமாகப் போடுங்கள். வீரர் ஜன்னலில் தெரியும் நொடியை இரண்டிலும் நேராக வையுங்கள். பிறகு அவர் குழந்தைக்காகத் திரும்ப ஏறும் இடத்தைப் பாருங்கள். தெருவில் தாய் கண்விழித்துக் கெஞ்சும் நேரம் ஒரு தடத்தில் இருக்கும், மற்றதில் இருக்காது. அவற்றை மாறி மாறி வெட்டியவர் எங்கெங்கே எத்தனை ஃபிரேம் தூக்கியிருக்கிறார் என்று அருங்காட்சியகப் பிரதியோடு ஒப்பிட்டு எண்ணி எழுதுங்கள். உங்கள் பாடக்குறிப்பைத் திருத்த அந்தப் பட்டியல் போதும்.