நிருபர் போன் அடித்தால் என்ன பேசுவது? டர்பன் (தென்னாப்பிரிக்கா) கேள்வி பதில்

முதலில் நிருபராக இருந்தேன், பிறகு கம்பெனிகளின் செய்தித் தொடர்பாளர். இரண்டு பக்கத் திருட்டுத்தனமும் தெரியும். கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த் கோயில் கமிட்டி: கூழ் பூஜையில் சாப்பிட்ட முப்பது பேருக்கு வாந்தி பேதி. நிருபர் காலையிலிருந்து அழைக்கிறார். "யாரும் எடுக்காதே" என்கிறார் தலைவர். என்ன செய்ய, அக்கா?

எடுங்கள், தம்பி. நீங்கள் பேசாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையோடு நிற்கும் அம்மா பேசுவார். கமிட்டியில் ஒரே ஒருவர் வாய் திறக்கட்டும். முதல் வாக்கியம் நோயாளிகளைப் பற்றி இருக்கட்டும், கோயிலின் நூறு வருஷப் பெருமை வேண்டாம். பிறகு நிச்சயமாகத் தெரிந்தது மட்டும்: எத்தனை பேர், சமையற்கட்டை மூடியாயிற்றா, சுகாதார அதிகாரிக்குச் சொல்லியாயிற்றா. காரணம் தெரியவில்லை என்றால் அப்படியே சொல்லி, "நாலு மணிக்கு மறுபடி பேசுகிறோம்" என்று நேரம் கொடுங்கள். புதுச் சேதி இல்லாவிட்டாலும் நாலு மணிக்குப் பேசியே ஆகவேண்டும். யூகம் மட்டும் கூடாது. "பால் கெட்டிருக்கும்" என்று வாய் தவறினால், பால் கொடுத்த குடும்பம் நாளை தலைப்புச் செய்தி.

"ஆஃப் தி ரெக்கார்ட்", அதாவது "இதை எழுதாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசலாமா?

பேப்பரில் வரக்கூடாததை வாயிலிருந்து விடாதீர்கள்.

டர்பன் ஃபீனிக்ஸ் பகுதி வக்கீல்: மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். உணவுக் கம்பெனி டைகர் பிராண்ட்ஸ் தொற்றுநோய்ச் சாவுகளின்போது ஜாக்கிரதையாகப் பேசியது சரிதான்.

வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். 2018 மார்ச் 4, ஞாயிறு. உணவில் பரவும் லிஸ்டீரியா கிருமித் தொற்றின் ஊற்று போலக்வானே ஊரிலுள்ள டைகர் பிராண்ட்ஸின் என்டர்பிரைஸ் தொழிற்சாலை என்று சுகாதார அமைச்சர் மோட்சோலெடி அறிவிக்கிறார். இறந்தவர்கள் அதற்குள் 180 பேர். மறுநாள் கம்பெனித் தலைவர், சாவுகளுக்கும் தங்கள் பொருளுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றார். பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள், அது யாருக்கு நினைவிருக்கிறது? அந்த ஒரு வரிதான் நின்றது. அதே டிசம்பரில் கூட்டு வழக்குக்கு நீதிமன்றம் அனுமதியும் கொடுத்தது. எண்ணிப் பேசியதால் வழக்கு நின்றதா?

வக்கீல்: வழக்கு வருவது வேறு, தோற்பது வேறு அக்கா.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "தப்பு எங்களுடையது" என்பதும் "உங்கள் வீட்டுச் சாவு எங்களையும் வருத்துகிறது" என்பதும் ஒன்றா? இரண்டாவதற்கு எந்த வக்கீல் தடை போடுகிறார்?

மாணவி: 1982 டைலெனால் வலி மாத்திரைக் கதையைத்தானே மக்கள் தொடர்புப் பாடத்தில் உதாரணமாகச் சொல்கிறார்கள்?

பாவம், அதைவிட்டால் அவர்களுக்கு வேறு உதாரணமே இல்லை. சிகாகோவில் விஷம் கலந்த மாத்திரையால் ஏழு பேர் செத்தார்கள், கம்பெனி 3 கோடிக்கு மேல் புட்டிகளைத் திரும்ப எடுத்தது, பாராட்டவேண்டியதுதான். ஆனால் விஷம் வைத்தவன் வெளியாள். தன் அடுப்பிலேயே கோளாறு என்றால் நாக்கு அவ்வளவு எளிதில் புரளாது.

வக்கீல்: அதைத்தானே நானும் சொல்கிறேன்!

இல்லை. இந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

லண்டன் பி.ஆர். (மக்கள் தொடர்பு) கம்பெனி வைக்கலாமா?

பெல் பாட்டிஞ்சர் என்ற லண்டன் கம்பெனி, குப்தா என்ற வணிகக் குடும்பத்துக்காக இங்கே இனப்பகையைக் கிளறிவிட்டு, 2017 செப்டம்பரில் சொந்தத் தொழில் சங்கமே வெளியேற்ற, அதே மாதம் திவாலானது. இன்னும் ஆசையா?

பேப்பரில் தப்பாகப் போட்டுவிட்டார்கள்.

முதலில் ஆசிரியரிடம் போங்கள். மசியாவிட்டால் பிரஸ் கவுன்சில். ரேடியோ, டிவி என்றால் ஒலிபரப்புப் புகார் ஆணையம்.

நிருபர் எனக்குத் தெரிந்த பையன்தான். ஆஃப் தி ரெக்கார்டாக...

மேலே பாருங்கள்.

"நோ கமென்ட்" போதுமா?

"ஆமாம், செய்தோம்" என்றுதான் படிப்பவருக்குக் கேட்கும்.

அக்கா, ஆஃப் தி ரெக்கார்ட்...

டீ குடிக்கப் போகிறேன்.