கேம்பர் டிரெய்லரின் அடிப்பகுதிக்குக் குளிர்காப்பு: கேள்வி பதில்

கனடாவின் ஒன்ராறியோவிலும் அல்பர்ட்டாவிலும் டிசம்பர் தாண்டியும் கேம்பரில், அதாவது வண்டியில் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டில், தங்குகிறவர்கள் கேட்டவை இவை. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். இரவில் -15 டிகிரி வரை இறங்கும் என்று வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

பாரி: தரை 20 அடிக்கு 8 அடி. எந்த ஃபோம், எத்தனை தடிமன், எத்தனை ஷீட் வாங்க வேண்டும்?

2 அங்குல எக்ஸ்பிஎஸ் போர்டு, அதாவது கெட்டியான பாலிஸ்டைரீன் ஃபோம் பலகை, வாங்குங்கள். கடையில் நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ அடுக்கி வைத்திருப்பார்களே, அதுதான். வெப்பம் ஓடுவதைத் தடுக்கும் திறனை ஆர் என்ற எண்ணால் சொல்வார்கள். இதில் அங்குலத்துக்கு ஆர்-5, ஆகவே மொத்தம் ஆர்-10. பாலிஐசோ என்ற இன்னொரு வகை ஃபோம் போர்டில் இதைவிட அதிக எண் போட்டிருக்கும். ஆனால் கடுங்குளிரில் அதன் திறன் இறங்கிவிடும், வெட்டிய விளிம்பு வழியாக ஈரமும் ஏறும். சாலைத் தண்ணீர் தெறிக்கிற இடத்துக்கு அது வேண்டாம். கண்ணாடிப் பஞ்சு அதைவிட மோசம். ஒரு தடவை நனைந்தால் தொங்கிப்போகும், பிறகு எலிக்கு மெத்தை.

உங்கள் தரை 160 சதுர அடி. 4-க்கு 8 போர்டு ஒன்று 32 சதுர அடி. கணக்குப்படி ஐந்து போதும், ஆனால் ஃபிரேமின் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே வெட்டிப் பொருத்தும்போது துண்டுகள் வீணாகும். ஏழு வாங்குங்கள். மெதுவாக விரியும் ஃபோம் கேன் ஆறிலிருந்து எட்டு வரை தேவைப்படும்.

டிரெய்லரை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தாமல் அடியில் படுக்காதீர்கள். மூலைகளில் இருக்கும் ஸ்டெபிலைசர் ஆட்டத்தை நிறுத்தத்தான், எடை தாங்க அல்ல. அடியைக் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். ஒவ்வொரு போர்டையும் இடத்தைவிட நாலு பக்கமும் 6 மில்லிமீட்டர் சிறியதாக வெட்டி, அந்த இடுக்கை ஃபோம் கேனால் அடையுங்கள். இறுக்கி அடித்துச் சொருகினால் பொருந்தியதுபோலத் தெரியும், முதல் நெடுஞ்சாலைப் பயணத்திலேயே மூலை உடைந்து காற்றுக்கு வழி விட்டுவிடும். பசை ஃபோம் போர்டுக்கென்றே விற்பதாக இருக்கட்டும். சாதாரண கரைப்பான் பசை எக்ஸ்பிஎஸ்ஸைக் கரைத்துக் குழியாக்கிவிடும்.

பசையை மட்டும் நம்ப வேண்டாம். தரை 5/8 அங்குல ப்ளைவுட் என்றால் 2½ அங்குல ஸ்க்ரூவும் அகலமான வாஷரும் போதும். ஸ்க்ரூ மரத்துக்குள் அரை அங்குலம் இறங்கும், மேலே முளைக்காது. மெல்லிய தகடுகளுக்கு நடுவே ஃபோம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் தரையாக இருந்தால் ஸ்க்ரூ பிடிக்காது. அப்போது குறுக்குச் சட்டத்திலிருந்து குறுக்குச் சட்டத்துக்குத் தகரப் பட்டை கொடுத்துத் தாங்குங்கள். நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்பில் துளை போடவே கூடாது. டிரெய்லரின் பாரம் முழுக்க அதில்தான்.

கடைசியாக அடியில் நெளி பிளாஸ்டிக் ஷீட். முன்ஷீட்டின் பின்விளிம்பு அடுத்த ஷீட்டுக்குக் கீழே வரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக, ஓலை வேய்வதுபோல அடுக்குங்கள். மாற்றி வைத்தால் ஓடும்போது காற்று உள்ளே புகுந்து ஷீட்டையே பிய்த்தெடுக்கும்.

மிச்சம் எவ்வளவு? ஏற்கெனவே தரையில் ஆர்-4 இருப்பதாக வையுங்கள். உள்ளே 20, வெளியே -15 என்றால் தரை வழியாக மணிக்குச் சுமார் 2,500 பிடியு (வெப்பத்தின் அலகு) போகும். ஆர்-14 ஆனால் அது 720. புரொப்பேனில் ஓடும் ஹீட்டரான ஃபர்னஸில் வீணாவதையும் சேர்த்தால் நாளுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ புரொப்பேன் மிச்சம். இரும்புச் சட்டம் வழியாக ஓடுவதைக் கழித்தால் கொஞ்சம் குறையும்.

பிராம்ப்டன்: அடி முழுக்க ஸ்ப்ரே ஃபோம் அடித்துவிட்டால் ஒரே நாளில் முடியுமே?

முடியும். அடுத்த வருஷம் ஒரு குழாய் ஒழுகும்போது கத்தியும் கையுமாக நிற்பீர்கள். வயர், வால்வ், பிரேக் லைன் எல்லாம் அதற்குள் புதைந்துபோகும். போர்டு விளிம்பை அடைக்க மட்டும் ஃபோம் போதும். இன்னொன்று: எக்ஸ்பிஎஸ்ஸும் பிவிசி உறை போட்ட வயரும் நேரடியாக ஒட்டிக் கிடக்கக் கூடாது. உறையில் இருக்கும் மென்மையாக்கி ஃபோமுக்குள் போய்விடும், வயரின் உறை விறைத்து விரிசல் விடும். வயரைக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள்.

கல்கரி: உள்ளே 22 டிகிரி, எலெக்ட்ரிக் ஹீட்டர் விடாமல் ஓடியது. அடியில் ஷீட் அடைத்த, நான்கு பருவத்துக்கும் ஏற்றது என்று எழுதிய டிரெய்லர். இருந்தும் குழாய் உறைந்தது. ஏன்?

எலெக்ட்ரிக் ஹீட்டர் ஓடியதால்தான். தரைக்கும் கீழ்ஷீட்டுக்கும் நடுவில் இருக்கும் அடிக்கூட்டைச் சூடாக்குவது ஃபர்னஸிலிருந்து பிரிந்து போகும் 2 அங்குல டக்ட், அதாவது சூடான காற்று போகும் குழாய். உள்ளே சூடாக இருந்ததால் தெர்மோஸ்டாட் ஃபர்னஸை எழுப்பவே இல்லை. அறை 22, அடிக்கூடு பூஜ்யத்துக்குக் கீழே. காப்பு வெப்பத்தை உண்டாக்காது, இருக்கிற வெப்பம் ஓடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். -5-க்குக் கீழே போகும் இரவுகளில் எலெக்ட்ரிக் ஹீட்டரைத் துணைக்கு மட்டும் வைத்து, ஃபர்னஸ் மணிக்கு இரண்டு மூன்று முறையாவது ஓடும்படி தெர்மோஸ்டாட்டை வையுங்கள்.

ஷீட்டில் ஒரு சதுரத்தின் மூன்று பக்கத்தை மட்டும் வெட்டி மடக்கி, அந்த டக்ட் எங்கே போகிறது என்று ஒருமுறை பாருங்கள். இணைப்பில் கழன்று, கழிவுநீர்த் தொட்டியின் பக்கம் போகாமல் சட்டத்தின் மேல் ஊதிக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பது. "நான்கு பருவம்" என்ற ஒட்டுப்பட்டைக்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஷீட்டைத் திறந்தால் சில மில்லிமீட்டர் பளபளப்புக் குமிழித்தாள் மட்டும் இருக்கலாம்.

ஸ்கார்பரோ: அண்ணா, எங்கட கழிவுநீர்த் தொட்டிக்கும் தரைக்கும் நடுவில நாலு அங்குலம் வெளி கிடக்கு. அங்கயும் ஃபோம் வைக்கலாமா?

வைக்காதீர்கள் தம்பி. இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறே இதுதான். தொட்டிக்குக் கிடைக்கும் கொஞ்சச் சூடும் மேலே உள்ள தரையிலிருந்துதான் இறங்குகிறது. நடுவில் ஃபோம் வைத்தால் தொட்டியை வெளிக்குளிரோடு சேர்த்து வைத்ததாகிவிடும். தொட்டி இருக்கும் இடத்தில் போர்டு தொட்டிக்குக் கீழேயும் பக்கங்களிலும்தான் போக வேண்டும். மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும். தொட்டி இல்லாத இடங்களில் போர்டைத் தரையோடு ஒட்டலாம்.

தொட்டியைச் சூடாக்கும் ஹீட்டிங் பேட் போடுவதானால் தொட்டியின் அடியை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். தொட்டி காலியாக இருக்கும்போது பேடை ஓட விடக் கூடாது. 12 வோல்ட் பேட் ஒன்று 5 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பேட் இடைவிடாமல் ஓடினால் 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஓர் இரவுகூட முழுதாக வராமல் போகலாம்.

கூடவே, அடியில் சிவப்பும் நீலமுமாக இரண்டு குட்டிக் குழாய்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், கவனித்தீர்களா? தண்ணீரை வடிக்கும் வாய்கள். ஷீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் எப்போதும் முதலில் உறைவது அவைதான். மேலே காப்புக் குழல் மாட்டி, ஷீட்டிலுள்ள துளையைச் சுற்றி அடையுங்கள்.

சட்பரி: டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரே இடம். அடியில் இவ்வளவு வேலை தேவையா?

தேவையில்லை. அந்தக் காசை ஸ்கர்ட்டில், அதாவது டிரெய்லரின் அடியைச் சுற்றி நிறுத்தும் மறைப்பில், போடுங்கள். அதே 2 அங்குல போர்டை நிலத்திலிருந்து டிரெய்லர் விளிம்பு வரை நிறுத்தி, சேரும் இடங்களை டேப்பால் மூடினால் காற்று நிற்கும், நிலத்தின் சூடும் உள்ளே தங்கும். வெளியில் பனியைக் குவித்தால் இன்னும் நல்லது. ஆனால் புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. ஒழுகினால் ஸ்கர்ட்டுக்குள் நிலத்தோடு தேங்கும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஸ்கர்ட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், எதிரெதிர்ப் பக்கங்களில் நிலமட்டத்தில் சின்னத் திறப்பு விடுங்கள். ஃபர்னஸின் புகைவாயைப் போர்டும் மறைக்கக் கூடாது, குவித்த பனியும் மறைக்கக் கூடாது.

ஒட்டாவா: அடியில் எதைத் தொடாமல் விட வேண்டும்?

ஆக்சில் (சக்கர அச்சு) மேலேறி இறங்கும் இடத்தில் குறைந்தது 3 அங்குலம். பிரேக் வயர், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள். ஷீட்டின் தாழ்ந்த மூலைகளில் விரல் அளவு வடிகால் துளை கட்டாயம், அதற்கு எலி நுழையாத கம்பி வலை. துளை இல்லாவிட்டால் உள்ளே ஒழுகிய தண்ணீர் ஷீட்டில் தேங்கித் தொந்தி விழும், ஒருநாள் மொத்தமாகக் கீழே வரும்.

மிசிசாகா: கழிவு வால்வ் இப்போதே உறைந்து கிடக்கிறது. இழுத்தால் வரவில்லை.

இழுக்காதீர்கள், கேபிள் அறும் அல்லது தகடு வளையும். நெருப்பும் காட்டாதீர்கள். முடி உலர்த்தியை வால்வின் உடம்பில் காட்டி அரைமணி பொறுங்கள். கூடவே டிரெய்லருக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் இரண்டு லிட்டரைத் தொட்டிக்குள் ஊற்றுங்கள். காருக்கான ஆன்டிஃப்ரீஸ் நஞ்சு, அதைத் தொடவே வேண்டாம். டப்பாவில் போட்டிருக்கும் -50 குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லைதான், அதற்கு வெகு முன்பே அது கூழாகிவிடும்.

இனிமேல் வால்வை மூடியே வைத்து, தொட்டி முக்கால் நிரம்பியதும் ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். திறந்தே விட்டால் சொட்டுச் சொட்டாக வடிந்து ஹோஸுக்குள் பனிக்கட்டி வளர்ந்துகொண்டே போகும்.

ஒன்ராறியோவின் அல்கோன்குவின் பூங்காவிலுள்ள மியூ லேக் முகாமிடத்துக்கு ஜனவரியில் இரண்டு இரவு போகிறோம். காப்பு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்பியில்லா சென்சார் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றைக் கழிவு வால்வின் பக்கத்திலும் மற்றதை அந்தச் சிவப்பு நீலக் குழாய்களின் பக்கத்திலும் கட்டுங்கள். வீட்டு வாசலிலேயே குளிரான ஓர் இரவு ஃபர்னஸை ஓட்டிப் பாருங்கள். காலையில் இரண்டும் 4 டிகிரிக்கு மேல் காட்டினால் கிளம்பலாம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்த மூலையில் காற்று புகுகிறது. உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு இருட்டில் அடியில் குனிந்து பாருங்கள், தரையிலுள்ள ஓட்டை வெளிச்சமாகத் தெரியும்.