ஜிம்ல சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு. மாஸ்டர் வாராவாரம் வெயிட் ஏத்தச் சொல்றார், ஏத்தலாமா?

ஏத்தலாம், ஆனா காலண்டரப் பாத்து இல்லீங்க, செட்டோட கடைசி ரெப்ஸப் பாத்து ஏத்தணும். (ஒரு தடவ தூக்கி இறக்குனா ஒரு ரெப், நிறுத்தாம அடுத்தடுத்து போடுற ரெப்ஸ் சேர்ந்தா ஒரு செட்.) 10 ரெப்ஸ் போடணும்னு வைங்க, பத்தாவது முடிச்சப்புறம் இன்னும் ரெண்டு போகும், அதுக்கு மேல போகாதுன்னு தோணுச்சுன்னா அதான் உங்க வெயிட். எட்டாவதுலயே உடம்ப ஆட்டி ஆட்டித் தூக்குறீங்கன்னா ஜாஸ்தி, தயங்காம கொறச்சிருங்க. பென்ச் பிரெஸ்ல (பெஞ்சுல மல்லாந்து படுத்து நெஞ்சுல இருந்து மேல தள்ளுறது) பிளேட் மாட்டாம வெறும் பார் மட்டும் தூக்க நிறைய பேரு கூச்சப்படுறாங்க, ஒலிம்பிக் பாரே 20 கிலோ, அது ஒண்ணும் கம்மி இல்ல.

நான் பட்டது டம்பெல்ல. ஷோல்டர் பிரெஸ் (தோள்ல இருந்து தலைக்கு மேல தள்ளுறது) 5 கிலோல 12 ரெப்ஸ் வந்துச்சு, எங்க ஜிம்ல அதுக்கு அடுத்தது 7.5தான், ரெண்டரை கிலோதானேன்னு எடுத்துட்டேன். ஆறாவது ரெப்ல இடது கை பாதியிலயே நின்னு நடுங்குது, முழங்கை முன்னாடி சரியுது, விடாம தள்ளுனதுல ரெண்டு வாரம் சட்டை மாட்டக்கூட கைய தூக்க முடியல. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பாத்தேன், 5ல இருந்து 7.5ன்னா ஒரே நாள்ல 50 சதவீதம்! அதே ரெண்டரை கிலோவ 60 கிலோ ஸ்குவாட்ல (தோள்ல பார வச்சு உக்காந்து எந்திரிக்கிறது) ஏத்துனா சுமார் 4 சதவீதம்தான். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 2009ல சொன்னது, வச்ச ரெப்ஸவிட ஒண்ணு ரெண்டு கூடுதலா போட முடிஞ்சா 2ல இருந்து 10 சதவீதம் ஏத்துங்கன்னு.

அதனால டம்பெல்ல மொதல்ல ரெப்ஸ ஏத்துங்க, 8ல ஆரம்பிச்சு 15 வரைக்கும் போங்க, அப்புறம் அடுத்த டம்பெல்ல ஒரே ஒரு செட், அஞ்சாறு ரெப்ஸ் வந்தா போதும், மிச்ச செட்டெல்லாம் பழைய வெயிட்லயே. பார்ல போடுறப்போ 1.25 கிலோ பிளேட் ஜோடி இருக்கான்னு மாஸ்டர்கிட்ட கேளுங்க, பல ஜிம்ல அது எங்கயாச்சும் மூலையில கிடக்கும்.

தோள் சரியானப்புறம் நான் பிடிச்சுக்கிட்டது டிலார்ம் முறை. தாமஸ் டிலார்ம்னு ஒரு அமெரிக்க ராணுவ டாக்டர், 1940கள்ல அடிபட்ட சிப்பாய்ங்களுக்காகக் கொண்டுவந்தது, 10 ரெப்ஸ் மட்டும் போடமுடியுற வெயிட்ல மொத செட்டுக்குப் பாதி, அடுத்ததுக்கு முக்கால், மூணாவதுக்குத்தான் முழுசு. மூட்டு நல்லா சூடாகிட்டுதான் கனத்துக்குப் போகும், அதனாலயே எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

எந்த வெயிட்ல எத்தனை ரெப்ஸ்னு அன்னன்னைக்கே நோட்டுல எழுதிருங்க. பென்ச்ல புது வெயிட் போடுற நாள்ல மட்டும் தலைமாட்டுல ஒருத்தர கண்டிப்பா நிக்கச் சொல்லுங்க.