ஏரிக்கரை பதில்கள்: குறவை எங்கே போச்சு?

கேள்வி: என் அப்பா மூக்கனேரியில் தூண்டில் போட்டுக் குறவை பிடித்து வருவார். நானும் பத்து வருஷமாகப் பார்க்கிறேன், ஜிலேபிதான் கிடைக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகன், 'அந்த மீன் அழிஞ்சு போச்சு' என்கிறான். அப்படிச் சொல்லிவிடலாமா?
– ஒரு வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: எந்த வலையை வீசிப் பார்த்தாய் என்று மகனிடம் முதலில் கேளுங்கள்.

குறவை காவிரிப் பக்கமும் உண்டு, கங்கைப் பக்கமும் உண்டு. மூக்கனேரியில் இல்லாமல் போனால் இந்த ஏரியை விட்டுப் போனது என்று சொல்லலாம், அவ்வளவுதான். பூண்டோடு போகிற ஆபத்தெல்லாம் ஒரே ஏரியை நம்பிப் பிழைக்கிற மீனுக்கு. அதிலும்கூட அவசரப்பட முடியாது. ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே தாசவா என்று ஓர் ஏரி. ஆழம் 423 மீட்டர், அந்த நாட்டிலேயே அதிகம். (ஏற்காடு ஏரியை மனதில் வைத்துக் கற்பனை செய்ய வேண்டாம்.) அடியாழத்தில் குனிமாசு என்று ஒரு கறுத்த மீன். பெயரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அவர்கள் மொழியில் 'மாசு' என்றால் ட்ரவுட் வகை மீன். ஒரு மீனுக்கு ஏறக்குறைய நம் ஒரு படி அரிசி கொடுத்து வாங்குவார்களாம். 1940இல் மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமாகப் பக்கத்து ஆற்றைத் திருப்பி ஏரியில் விட்டார்கள். வெந்நீர் ஊற்றின் அமிலம் கலந்து வருகிற ஆறு அது. மீன் தீர்ந்தது. 1990களில், உயிரோடு பிடித்துத் தந்தால் பரிசு என்று ஊர்க்காரர்கள் அறிவித்து, தொகையை 50 லட்சம் யென் வரை ஏற்றியும் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

2010இல் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நகாபோ, மீன் படம் வரைவதில் பேர்போன சகானா-குன் என்ற தொலைக்காட்சிக்காரரிடம் குனிமாசுவை வரைந்து தரச் சொன்னார். பார்த்து வரைய அதன் சொந்தக்கார மீனான ஹிமேமாசுவை அவர் வரவழைத்தார். ஃபூஜி மலையடியில் உள்ள சாய்கோ ஏரியிலிருந்து வந்தவற்றில் சில மீன்கள் கறுப்பாக இருந்தன. செவுளையும் மரபணுவையும் சோதித்தால், சாட்சாத் குனிமாசு! 1935இல், ஆற்றைத் திருப்புவதற்கு ஐந்து வருஷம் முன்பே, ஒரு லட்சம் முட்டைகளை சாய்கோவில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். சாய்கோ மீனவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'குரோமாசு', கறுப்பு மாசு. ஹிமேமாசுதான் கறுத்துவிட்டது என்று நினைப்பு. பிறந்த ஏரியில் இல்லை என்பதால், 2013இல் ஜப்பான் அரசு 'அழிந்தது' என்பதை 'இயற்கை வாழிடத்தில் அழிந்தது' என்று மட்டும் திருத்தியது.

எனக்கும் இப்படி ஒரு சூடு உண்டு. விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு குட்டைக்கு மாணவர்களோடு போய், காலையிலிருந்து வலை வீசி, பட்டியலில் குறவைக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். கரையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அலுமினியச் சட்டியைச் சாய்த்துக் காட்டினார். 'விரால் குஞ்சுங்க சார், எடுத்துக்கிறீங்களா?' நாலைந்து நெளிந்துகொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். சாண் நீளம்கூட இல்லை, உடம்பெல்லாம் மை தெளித்த மாதிரி புள்ளி. 'இது குறவைதானேம்மா?' என்றேன். 'குறவைன்னு சொன்னா இந்த வெலைக்கு யாரு சார் வாங்குவாங்க?' பசங்க சிரித்துவிட்டார்கள். நோட்டில் அடித்து எழுதின இடம் இன்னும் இருக்கிறது.

அதனால் நீங்கள் ஒரு நாள் விடிகாலையில் கரைக்குப் போங்கள். புல்லும் சேறுமாக இருக்கிற ஓரத்தில் அசையாமல் நில்லுங்கள். வெளிக்காற்றையும் குடிக்கிற மீன் அது, அடிக்கடி மேலே வந்து வாயைக் காட்டிவிட்டுப் போகும். வலைக்காரர்களிடம் குறவை என்று கேட்க வேண்டாம், 'புள்ளி போட்ட சின்ன விரால்' என்று கேளுங்கள். அப்புறமும் கிடைக்காவிட்டால் எழுதுங்கள், மகன் பக்கம் வந்துவிடுகிறேன்.

கேள்வி: தொட்டியில் வளர்த்த சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. பாவமாக இருக்கிறது, ஏற்காடு ஏரியில் விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: கூடவே கூடாது. பிலிப்பைன்சில் லனாவோ என்ற ஏரிக்கே உரிய கெண்டை இனங்கள் பல இருந்தன. 1924இல் ஆல்பர்ட் ஹெர்ரே என்ற அமெரிக்கர் அவற்றை விவரித்து எழுதினார். வெளியிலிருந்து வந்த மீன்கள் அவற்றைத் தின்றன, மிச்சத்தைக் கண்டபடி பிடித்தே தீர்த்தார்கள். 2020இல் 15 இனங்கள் அற்றுப்போனதாக உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியல் அறிவித்தது. அந்த ஏரிக்குத் தெரியாத்தனமாக வந்து சேர்ந்ததில் ஒன்று எது தெரியுமா? இங்கே சாதுவாகக் குழம்புக்குள் இறங்குகிற நம் உளுவை!

சக்கரை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். காசு கேட்காவிட்டால் வாங்கிக்கொள்வார்கள்.